மரண அறிவித்தலுக்குப் பிறகு வந்த பாட்டுகள்

போன கிழமை கல்லடியில் ஒரு முட்டைக் கடைக்குப் போயிருந்தேன். விடியவிலிருந்து மழை. கடைக்காரர் வெறும் முட்டை அட்டைகளை, அதுதான் அந்தச் சாம்பல் நிறக் குழிக்குழி அட்டைகளை, தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருந்தார். சாரலில் நனைந்து அவை மணக்கத் தொடங்கியிருந்தன. பழைய பேப்பரும் கோழி எச்சமும் ஈரச் சுவரும் கலந்த ஒரு மணம். நான் குனிந்து ஓர் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். "கூழ் முட்டை ஒண்டும் இல்ல மிஸ், எல்லாம் இண்டைக்கு வந்தது" என்றார் கடைக்காரர். ஒரு காலத்தில் நான் வேலை செய்த வானொலி நிலையம் மழை நாளில் இப்படித்தான் மணக்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தேவைக்கு மேலேயே முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நிலையம் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துவிடாதீர்கள். ஒடுங்கிய அறைகள், விறாந்தையில் ஒரு வாங்கு, சுற்றும்போது முனகுகிற மின்விசிறி. சமூக வானொலி என்று பெயர். ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியவர் ரவூப் காக்கா. காத்தான்குடிக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இயந்திரம் பார்ப்பவர், கூரையில் ஏறுபவர், இரவில் கதவு பூட்டுபவர் எல்லாம் அவர்தான். கொழும்பில் எதிரொலி வராமல் இருக்க விலை கூடிய பஞ்சு ஒட்டுவார்களாம். எங்களுக்கு முட்டை அட்டை. அதன் குழிகளுக்குள் பல்லிகள் குடும்பம் நடத்தின. நான் செய்தி வாசிக்கும்போது பல்லி சொன்னால் நேயர்கள் அந்தச் செய்தியை நம்புவார்கள். சொல்லாவிட்டால் சந்தேகம்தான்.

எங்கள் அலைவரிசைக்குத் தண்ணீர் பிடிக்கும், சீமெந்து பிடிக்காது. மாடிக்கு நேரே கீழே இருந்த தேநீர்க் கடையில் எங்கள் நிகழ்ச்சி இரைச்சலாகத்தான் கேட்கும். ஆனால் வாவியைத் தாண்டிப் படுவான்கரையில், வயலும் மாடுமாகக் கிடக்கிற அந்த மேற்குக் கரையில், பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் கேட்கும் என்பார்கள். ஆகவே எங்களுக்கு நகரத்தில் மதிப்பில்லை. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் நான் ஒரு பிரபலம். பழுகாமத்தில் ஒரு கடையில் என் குரலைக் கேட்டே சோடா உடைத்துத் தந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள், அது வேறு விஷயம்.

அங்கே நான் நடத்தியது புளூஸ் பாட்டு நிகழ்ச்சி, அதாவது அமெரிக்கக் கறுப்பு மக்களின் துயரப் பாட்டு. சிரிக்காதீர்கள். மட்டக்களப்பில் புளூஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வாகரைக் கிணறுகளிலிருந்து வந்தது.

கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, வாகரைப் பக்கம் உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க ஒரு வெளிநாட்டுப் பெண் வந்திருந்தார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அதாவது, அவர் சொல்வதில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிற வேலை. ஒருநாள் ஒரு கிணற்றில் சேறு அள்ளும்போது பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று வந்தது. ஒற்றைச் சப்பாத்து, சின்னது, நாடா கட்டியபடியே இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வாகனத்தில் ஏறினோம். அவர் ஓர் இறுவட்டைச் செருகி ஒரு பாட்டைப் போட்டார். ஒரு மனிதன், ஒரு கித்தார், நிலத்தில் காலால் தட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் மெதடிஸ்தக் கிறிஸ்தவ சபைக்காரர். எங்கள் வீட்டில் செத்தவருக்கு அழுவதென்றாலும் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டுதான் அழ வேண்டும். இந்த மனிதன் எந்த வெட்கமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். வாழைச்சேனை வரும்வரை நானும் அழுதேன், கைலேஞ்சி இல்லாமல்.

திட்டம் முடிந்து அவர் நாடு திரும்பும்போது அந்த இறுவட்டுகளை உறையோடு எனக்குத் தந்துவிட்டுப் போனார். பிறகு வானொலியில் வேலை கிடைத்தது. மாலையில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது, நீ ஏதாவது செய் என்றார் பொறுப்பாளர். அது ஏன் சும்மா கிடந்தது தெரியுமா? அதற்கு முன்னால் மரண அறிவித்தல். அறிவித்தல் முடிந்ததும் சனம் வானொலியை நிறுத்திவிட்டுச் செத்த வீட்டுக்கு வெளிக்கிடும், அல்லது சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுக்கும். அந்த நேரத்தில் பாட எந்தப் பாடகரும் வரமாட்டார், அமெரிக்காவில் என்றைக்கோ செத்துப்போன பாடகர்களைத் தவிர. புளூ என்றால் நீலம்தானே, நிகழ்ச்சிக்கு 'நீலமும் வேரும்' என்று பெயர் வைத்தேன். வெள்ளைச் சேலைக்குப் போடுகிற நீலமா என்று ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பினார். இன்னொருவர் அக்கறையோடு கேட்டிருந்தார்: "தங்கச்சி, அந்தப் பாடுற ஆளுக்கு வயித்துக்குள்ள ஏதும் வருத்தமா? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாங்களா?"

வேர் என்ற பகுதிக்கு எங்கள் பக்கத்துப் பாட்டுகளைத் தேடினேன். ஏறாவூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்து, பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளிநாடு போன மாப்பிள்ளை மேல் நாலடிக் கவி ஒன்றைப் பாடிவிட்டு டக்கென்று வைத்துவிட்டார். அதைப் பதிவுசெய்யாமல் விட்டதற்கு ரவூப் காக்கா தலையில் அடித்துக்கொண்டார். இப்படித்தான், கிடைத்ததும் தவறியதுமாக நிகழ்ச்சி ஓடியது.

மரண அறிவித்தலையும் நான்தான் வாசித்தேன். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார். அந்த வரிசையில் ஏற்கெனவே செத்துப்போனவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். உயிரோடு இருப்பவரின் பெயர் வெறுமனே வரும். ஒருமுறை நான் அவசரத்தில் உயிரோடிருந்த ஒருவருக்கு அந்தச் சொல்லைப் போட்டு வாசித்துவிட்டேன். மறுநாள் அவர் சைக்கிளில் வந்து வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "நான் எப்ப செத்த எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு புள்ள" என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். அதற்குப் பிறகு அந்தச் சொல் வரும் இடமெல்லாம் விரல் வைத்து வாசிப்பேன்.

தெய்வானைப்பிள்ளை அக்கா வந்தது தன் கணவரின் மரண அறிவித்தலைக் கொடுக்க. பழுகாமத்திலிருந்து கணவரின் தம்பி மயில்வாகனத்தோடு வந்திருந்தார். மெலிந்த, உயரமான பெண். ஊரில் எந்தச் செத்த வீட்டிலும் ஒப்பாரி சொல்ல முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். ஆனால் எங்கள் முன்னால் நின்றபோது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மயில்வாகனம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "காலஞ்சென்ற குகனின் பாசமிகு தந்தையும்" என்று அவர் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"அது வேணாம் மகள். குகனின் எண்டு மட்டும் எழுது. முன்னுக்கு ஒண்டும் போடாத."

"மச்சாள், சனம் என்ன நினைக்கும்?"

"சனம் நினைக்கிறத நினைக்கட்டும். அவன்ர உடம்பக் காட்டினவன் ஆரும் இரிக்கானா?"

குகன் அவர்களுடைய ஒரே பிள்ளை. சண்டைக் காலத்தில் வாகரைப் பக்கம் மேசன் வேலைக்குப் போனவன். வழியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். யார் ஏற்றியது என்பதை ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். தாயோடு முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றவர் இந்த மயில்வாகனம்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர்.

எழுதி முடித்ததும் அக்கா மெல்லச் சொன்னார்: "அவன்ர பேர மட்டும் வடிவா விளங்கச் சொல்லு. எங்க இரிந்தாலும் கேப்பான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க அவன்தானே வரணும். நாளைக்குப் பின்னேரம் மட்டும் வச்சிரிப்பம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர் முழுக்கத் தெரிந்த சாவை வானொலியில் சொல்ல இவ்வளவு தூரம் வந்தது ஊருக்குச் சொல்வதற்காக இல்லை. நான் அந்தப் பெயரை நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முன்னால் ஒன்றும் போடவில்லை. மறுநாள் பின்னேரம் வரை பிரேதத்தை வைத்திருந்தார்கள். பிறகு மயில்வாகனம் கொள்ளி வைத்தார்.

முப்பத்தொன்று, அதுதான் முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்த பிறகு அக்கா மறுபடியும் வந்தார், கிரியைக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் அறிவித்தலோடு. அதிலும் குகனின் பெயர் இருந்தது. வாசித்து முடித்து நான் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினேன். வெளியே நல்ல மழை. போக முடியாமல் விறாந்தை வாங்கில் உட்கார்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் எட்டிப் பார்த்து, "இவன் ஆருக்கு அழுகிறான்?" என்று கேட்டார். எனக்கும் முழுக்க விளங்காது அக்கா என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "செத்த ஆளுக்கு அழுகிறவன் இப்பிடி அழமாட்டான். இவன் வராத ஆளுக்கு அழுகிறான்."

உண்மையில் அந்தப் பாட்டு களவு போன ஒரு சேவலைப் பற்றியது. உறைக்குள் இருந்த சின்னப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சேவலும் திரும்பி வரவில்லைதானே.

அன்றைக்கு மழை விடும்வரை கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, கணவருக்குச் சொன்ன ஒப்பாரியை எங்கள் நிகழ்ச்சிக்காகப் பாடித் தந்தார். இரண்டு நிபந்தனை. பாட்டுக்கு முன்னால் இது நல்லதம்பிக்கு, அவருடைய கணவருக்கு, சொன்னது என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எந்தக் காலத்திலும் போடக் கூடாது. ரவூப் காக்கா மின்விசிறியை நிறுத்தினார். பல்லிகூடச் சத்தம் போடவில்லை.

வட்டை விளைஞ்சிருக்கு
வரம்பெல்லாம் பூத்திருக்கு
வாசல் திறந்திருக்கு
வந்த காலக் காணலையே

வயலும் வாசலுமாகப் போன பாட்டு, வந்த காலடியைக் காணவில்லை என்கிற அந்தக் கடைசி அடிக்கு வந்தபோது வேறு எங்கேயோ போய் நின்றது. கணவருக்காகத்தான் பாடினார். ஆனால் ரவூப் காக்கா என் முகத்தைப் பார்க்காமல் இயந்திரத்தின் குமிழ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாடியிலிருந்து போன எல்லாவற்றிலும் மேலானது அந்தப் பாட்டுத்தான். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த கிழமை அதை ஒலிபரப்பினோம். மரண அறிவித்தல் முடிந்தது. அன்றைக்கும் பழுகாமப் பக்கத்துச் சாவு ஒன்று இருந்தது. நான் நிகழ்ச்சியைத் தொடங்கி, அவர் கேட்டபடியே, இது நல்லதம்பிக்கு அவருடைய மனைவி சொன்ன ஒப்பாரி என்று தெளிவாகச் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிருக்கிறது. எங்கள் அறைக்குப் பற்றரி இருந்தது, விளக்குக்கூட அசையவில்லை. கூரையில் நின்ற ஒலிபரப்புக் கருவிக்குப் பற்றரி இல்லை. நான் பேசியதெல்லாம் முட்டை அட்டைக்கும் பல்லிக்கும்தான் கேட்டது. ஒப்பாரி தொடங்கிய பிறகு மின்சாரம் வந்திருக்கிறது. படுவான்கரையில் கேட்டவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: மரண அறிவித்தல், கொஞ்ச நேரம் மௌனம், அதன் பிறகு தெய்வானைப்பிள்ளையின் குரல், வந்த காலக் காணலையே என்று.

வேறு ஊராக இருந்தால் பாட்டு என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படி இல்லை. ஒப்பாரி என்றால் சாவு. சொல்கிறவர் தெய்வானைப்பிள்ளை. புருஷனுக்கு முப்பத்தொன்றும் முடிந்துவிட்டது. அப்படியென்றால் இது யாருக்கு? எங்கள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "புள்ள, குகன்ர பிரேதம் எங்க கிடைச்ச?" "எப்ப எடுக்கிறாங்க?" ஓர் ஆள் ஒன்றும் கேட்காமல் அழுதுவிட்டு வைத்தார். நானும் ரவூப் காக்காவும் ஓட்டோ பிடித்து ஓடினோம். பட்டிருப்புப் பாலம் வரும்வரை அவர் உதடு ஓதிக்கொண்டே வந்தது.

நாங்கள் போகும்போது இன்னும் இருட்டவில்லை. ஒழுங்கையில் சனம் நிறைந்து நின்றது. மரணாதாரச் சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியிருந்தன. தறப்பாள் கட்ட யாரோ கம்பு நட்டுவிட்டார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டபடி நின்றார்கள். வேலிப் படலைக்கு உள்ளே, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் குசினியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, தெரியும்தானே. அவர் சனம் வருவதைக் கண்டதும் முதல் வேலையாக அடுப்பை மூட்டியிருக்கிறார். மீன் ஆணம் கொதிக்கிற மணம் ஒழுங்கை முழுக்க நின்றது.

மயில்வாகனம் படலைக்கு வெளியே நின்று கெஞ்சினார். "மச்சாள், சனம் வந்தித்து. கதிரையும் வந்தித்து. ஒருக்கா இரிந்து அழுதிருங்க. அந்தப் பொடியனும் நிம்மதியாப் போகட்டும். எத்தின காலத்துக்கு இப்பிடி?"

"நான் அழுதா அவன் செத்துருவான் தம்பி."

உரத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. நான் முன்னுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், மின்சாரம், பற்றரி, ஒலிபரப்புக் கருவி என்று. யாருக்கு விளங்கியதோ தெரியாது. அக்கா தலையை ஆட்டினார். "நீ சொல்லியிரிப்பாய். எனக்குத் தெரியும்" என்றார். பிறகு சனத்தைப் பார்த்தார். "இது செத்த வீடில்ல. வந்த ஆக்கள் எல்லாரும் தேத்தண்ணி குடிச்சித்து, போய்த்து வாறன் எண்டு சொல்லித்துப் போங்க."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செத்த வீட்டை விட்டு வரும்போது 'போய்த்து வாறன்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அப்படி ஒரு வீட்டுக்கு மறுபடி வர வேண்டிவரும். சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இது வேதக்காரரான எங்களுக்கும் பழக்கம். ஆகவே அந்தச் சனம் அசையாமல் நின்றது. இது என்ன வீடு என்று அவர்கள் தங்களுக்குள்ளேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அக்கா தேத்தண்ணியை ஊற்றி ஒவ்வொருவராக நீட்டினார். நல்ல சீனி போட்ட தேத்தண்ணி. முதலில் ரவூப் காக்கா வாங்கிக் குடித்தார். கிளாசைக் கொடுத்துவிட்டு, "போய்த்து வாறன் தாத்தா" என்றார், தன் சொந்த அக்காவிடம் சொல்வது போல. காத்தான்குடியில் அக்காவைத் தாத்தா என்பார்கள். "ஓம், போய்த்து வாங்க" என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டு சிலர் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பதில் சொன்னார். கிளாஸ் பற்றாமல் கழுவிக் கழுவிக் கொடுத்தார். கடைசியில் மயில்வாகனம் மட்டும் நின்றார். கதிரைகளைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு வந்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. அக்கா படலையைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். "போய்த்து வாறன் மச்சாள்" என்று சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைந்துபோயிற்று.

எல்லாரும் போன பிறகு அக்கா குசினி வாசலில் குந்தினார். "அந்தப் பாட்ட அழிச்சிரு மகள்" என்றார். வைத்திருப்போம், போடமாட்டோம் என்றேன். "வேணாம். மறுகா ஒருநாள் கறண்டு போகும். அவன் எங்கயாவது இரிந்து அதக் கேட்டானெண்டா, அம்மாவும் என்ன விட்டுத்தா எண்டுதானே நினைப்பான்?" மறுநாள் ரவூப் காக்கா அழித்தார். இரண்டு தரம் சரிபார்த்து, அழிந்துவிட்டது என்று அவருக்குத் தொலைபேசியிலும் சொன்னார். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அக்கா தொலைபேசி எடுப்பார். "அந்த வராத ஆளுக்கு அழுகிறவன்ர பாட்டப் போடு. ஆருக்கு எண்டும் சொல்லு." நேயர் விருப்பம் என்றால் யார் கேட்கிறார், யாருக்காகக் கேட்கிறார் என்று பெயர் சொல்வதுதானே வழக்கம். நானும் சொல்வேன்: பழுகாமத்திலிருந்து தெய்வானைப்பிள்ளை, மகன் குகனுக்காக விரும்பிக் கேட்கிறார். அதன் பிறகு சேவல் பாட்டு. அந்தக் கறுப்பு மனிதர் தன் சேவலுக்காக அழுவார், வாவிக்கு மேலே அது போகும். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. மழைக் காலத்தில் ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்றைக்கு ரவூப் காக்காவே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிப் பாட்டைப் போட்டாராம்.

பிறகு உதவி தந்தவர்கள் வேறு நாட்டு அழிவுகளுக்குப் போய்விட்டார்கள். நிலையத்தை மூடுவதென்று முடிவாயிற்று. கடைசி நிகழ்ச்சியில் அது கடைசி என்று சொல்ல வேண்டாம், சனம் குழம்பும் என்றார் பொறுப்பாளர். நான் அக்காவின் விருப்பத்தைச் சொன்னேன், பாட்டைப் போட்டேன், அடுத்த கிழமை சந்திப்போம் என்றேன். பல்லி சொல்லவில்லை. ரவூப் காக்கா கட்டாருக்குப் போனார். மாடியில் இப்போது கைப்பேசிக் கடை. முட்டை அட்டையைக் கிழித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பிறகு சில காலம் அக்காவுக்கு நான் தொலைபேசி எடுத்தேன். "ரேடியோ எப்ப மகள் வரும்?" என்று கேட்பார். வரும் அக்கா என்பேன். அந்தப் பதிலைச் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகப் பட்டது. அழைப்புகள் குறைந்துபோயின.

போன மாதம் கட்டாரிலிருந்து ரவூப் காக்கா எனக்கொரு படம் அனுப்பினார். இப்போது மரண அறிவித்தல் இப்படித்தான் வருகிறது, ஓரத்தில் பூவும் எரிகிற விளக்கும் போட்டு. நடுவில் தெய்வானைப்பிள்ளை அக்கா. நான் பழக்கதோஷத்தில் விரல் வைத்து வாசித்தேன். காலஞ்சென்ற நல்லதம்பியின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற குகனின் பாசமிகு தாயாரும்.

பழுகாமத்துக்குப் போனேன். அதே சங்கம், புதிய கதிரைகள். ஒப்பாரி சொல்ல யாரும் இல்லை. கைப்பேசியோடு இணைத்த ஒலிபெருக்கிப் பெட்டியில் எந்த ஊரோ தெரியாத ஒரு பெண்ணின் ஒப்பாரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே விளம்பரம் வந்தது. யாரோ ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார்கள். குசினிப் பக்கம் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை.

மயில்வாகனம் படலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். நான் கேட்காமலே சொன்னார்: "அந்தச் சொல்ல நான்தான் போடச் சொன்ன. இனி அவனப் பாத்துக்கொண்டிரிக்க ஆரு இரிக்கா புள்ள? தாயோட சேத்து அனுப்பித்தம்." எனக்கு அவரோடு சண்டை பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பிரேதத்தை எடுத்த பிறகு, வழக்கப்படி, ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன். படலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"புள்ள, சொல்லித்துப் போங்க."

"மாமா, செத்த வீடல்லவா?"

"ஓம், செத்த வீடுதான். அவ இரிந்தா சொல்லாமப் போக விடுவாவா?"

போய்த்து வாறன் என்றேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

பஸ் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது கைப்பேசியில் அந்தச் சேவல் பாட்டைத் தேடினேன். ஒரு நொடியில் கிடைத்தது. இப்போது எந்தப் பாட்டும் கிடைக்கிறது, யாருக்காக என்று சொல்வதற்குத்தான் இடமில்லை. பாட்டுத் தொடங்க முன் நான் வாய்விட்டுச் சொன்னேன்: பழுகாமத்திலிருந்து தெய்வானைப்பிள்ளை, மகன் குகனுக்காக. பக்கத்தில் இருந்த பெண் நான் யாரோடோ தொலைபேசியில் கதைக்கிறேன் என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.